தாமசம் இல்லாத வீடு

விமான நிலையத்துக்குப் போகிற சாலையில், சாக்கை ஜங்ஷனைத் தாண்டினால் ஒரு வாகை மரம். அதனடியில் நிற்கிற தேய்ப்பு வண்டி பொன்செல்வியுடையது. துணி கொண்டுவருகிறவர்கள் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே தேய்ப்பாள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் "ம்" என்பாள். கோபம் வந்தால் மட்டும் இஸ்திரிப் பெட்டி பலகையில் விழுகிற சத்தம் மாறும். எதிரே டீக்கடை வைத்திருக்கும் நாகேஸ்வரன் அதை வைத்தே, "இன்னைக்குப் பிச்சைக்கனி பட்டினி" என்று சொல்லிவிடுவார். பிச்சைக்கனி அவள் புருஷன்.

இந்த வருஷம் மழைக்காலம் முழுக்கப் பெட்டி அப்படித்தான் விழுந்தது. ஆனால் காரணம் பிச்சைக்கனி இல்லை. பொன்செல்வி குடியிருக்கிற வீட்டில் யாருமே குடியில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் பிறந்தது பணகுடிக்குப் பக்கத்தில். பெரிய மனுஷியானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திப் பீடித்தட்டை மடியில் வைத்தார்கள். கல்யாணமான கையோடு நாகர்கோவில் பாசஞ்சரில் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். பிச்சைக்கனி அப்போது மாமன் ஒருவரின் வண்டியில் கூலிக்குத் தேய்த்துக்கொண்டிருந்தான். மனைவி வந்ததும் தனி வண்டி போட்டான். புத்தனாற்றங்கரையில் வரிசையாக இருக்கிற சின்ன வீடுகளில் கடைசி வீட்டை நேசமணி என்பவரிடமிருந்து வாய்ப்பேச்சாக வாங்கினான். புறம்போக்கு நிலம், அங்கே யாரிடமும் பத்திரம் கிடையாது. கரண்டு பில் இன்னமும் நேசமணி பெயரில்தான் வருகிறது. நேசமணி நெய்யாற்றின்கரைக்குப் போய் அங்கே செத்தும் போய்விட்டார்.

வீட்டுக்கு ஒரு பக்கம் ஆறு. ஆறு என்று பெயர்தான். கறுப்பாக அசையாமல் கிடக்கும். மறு பக்கம் ஒரே சுவர், அதற்கு அந்தப்புறம் அம்மிணி. பொன்செல்விக்கு மலையாளம் வந்தது அம்மிணியிடமிருந்துதான். வந்த புதிதில் ஒருநாள் விடியற்காலையில், குழாயடியிலிருந்து அம்மிணி "வெள்ளம் வந்நு, வெள்ளம் வந்நு" என்று கத்தினாள். ஆறு உடைத்துக்கொண்டது என்று நினைத்து, பொன்செல்வி கல்யாணப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். அம்மிணி குடத்தோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். குழாயில் தண்ணீர் வந்தது என்பதைத்தான் அவள் சொல்லியிருந்தாள். அந்தக் கதையை அம்மிணி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். பொன்செல்வியும் கூடச் சேர்ந்து சிரித்ததுண்டு. பொன்செல்வியின் மகளுக்கு பிஜி என்று பெயர் வைத்ததே அம்மிணிதான். பிஜி மலையாளப் பள்ளியில் படித்து, இப்போது பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அம்மாவோடு பேசும்போதும் பாதிக்குமேல் மலையாளம்தான். அம்மிணிக்குப் பொன்செல்வியோடு பேசிப் பேசித் தமிழ் கலந்துவிட்டது.

இவ்வளவு காலமும் பொன்செல்வியின் பலகையில் விழுந்ததில் பெரும்பகுதி விமான நிலையத்துத் துணிதான். கவுண்டரில் நிற்கிற பெண்களின் நீலப் பாவாடை, பெட்டி ஏற்றுகிறவர்களின் சட்டை, எப்போதாவது தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை. விமானங்கள் அவள் கூரைக்கு மேலேதான் இறங்கும். ஆறாட்டு நாளில் சாமி கடலுக்குப் போவதற்காக விமானத்தை நிறுத்துவார்கள். அன்றைக்கு மட்டும் தகரம் அதிராது.

ரயில் வரப்போகிறது என்று சொன்னதும் அந்தப் பெண்கள்தான். விமான நிலையத்திலிருந்து தம்பானூர் வரை, அப்புறம் கிழக்கேகோட்டை வரை, தூண்களுக்கு மேலே ஓடுமாம். "சேச்சிக்கு இனி சாலைக் கம்போளத்துக்குப் போக பஸ்ஸில் தொங்கி நிற்கவேண்டா" என்றாள் ஒருத்தி. பொன்செல்விக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரட்டைக்கரி வாங்க சாலைச் சந்தைக்குப் போய் வருவதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது. ரயில் வந்தால் நல்லதுதானே.

ஜங்ஷனில் பெரிய படம் வைத்தார்கள். படத்தில் வெள்ளை ரயில். கீழே புத்தனாறு, நல்ல நீல நிறத்தில். கரை நெடுகப் புல்லும் பூச்செடியும், ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டுகிறது. பொன்செல்வி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது நின்று பார்த்தாள். படத்தில் குழந்தை சைக்கிள் ஓட்டுகிற இடம் எது என்று யோசித்தாள். பாலத்திலிருந்து வீடுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். அது அம்மிணி வீட்டுச் சமையலறை.

பயப்படவேண்டாம் என்று வார்டு மெம்பர் சுசீலாபாய் வந்து சொன்னார். பட்டயம் இல்லாவிட்டாலும் குடியிருக்கிறவர்களுக்கு ஃபிளாட் உண்டு. ஆனால் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான். கடை, கோடவுன், பூட்டிக்கிடக்கிற வீடு எதற்கும் கிடையாது. ஆட்கள் வந்து பார்ப்பார்கள், பார்க்கும்போது இருந்து பதில் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

அவர்கள் வந்தது ஒரு உச்சிவேளையில். பொன்செல்வி பலகை நிறையத் துணியோடு நின்றிருந்தாள். பிச்சைக்கனி தேய்த்ததைக் கொடுக்க பேட்டைப் பக்கம் போயிருந்தான். போனில் அம்மிணி கத்தினாள்: "எடி, ஓடி வா, ரயிலுகார் வந்நு! உன் வாதில் பூட்டிக் கிடக்கு!"

பெட்டியை நாகேஸ்வரனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினாள். பாலத்தில் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் ஒரு இளைஞன், கழுத்தில் அடையாள அட்டை, தலையில் தொப்பி, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். பிரபின் என்று அட்டையில் எழுதியிருந்ததை அவள் அப்புறம்தான் தெரிந்துகொண்டாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கேட்டான்:

"இவிடெ தாமசமுண்டோ?"

மலையாளத்தில் தாமசம் என்றால் குடியிருப்பது. அது பொன்செல்விக்குத் தெரியாததல்ல. ஆனால் பணகுடியில் தாமசம் என்றால் சுணக்கம். நேரம் கழித்து வந்த பிள்ளையை வாத்தியார் "ஏன் தாமசம்?" என்றுதான் பிரம்பைத் தூக்குவார். ஓடிவந்த மூச்சு இரைக்க, கையில் அறுந்த செருப்போடு, கடிகாரத்தைப் பார்க்கிற அதிகாரியின் முன்னால் நின்றவளுக்குப் பணகுடிதான் முந்திக்கொண்டு வந்தது.

"தாமசமில்ல சாரே! ஒட்டும் தாமசமில்ல!"

"தாமசமில்லா?"

"இல்ல சாரே, இல்லவே இல்ல."

அவன் சன்னல் வழியாக உள்ளே பார்த்தான். முன்னறையில் வேட்டியில் கட்டிய மூட்டைகள், கயிற்றில் தொங்கும் சட்டைகள். கட்டிலும் அடுப்பும் பின்னறையில். "இதொக்கெ எந்தா?"

"துணியாணு. தேய்க்கான் உள்ள துணி."

அவன் டேபில் ஏதோ தட்டினான், வாசலை ஒரு படம் எடுத்தான், நடந்தான். மற்ற வீடுகளின் சுவரில் எல்லாம் சிவப்புப் பெயின்டால் நம்பர் போட்டிருந்தார்கள். இவள் சுவரில் போடவில்லை. பெயின்ட் தீர்ந்திருக்கும் என்று நினைத்தாள். அம்மிணி தன் வாசல்படியில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்து, பொன்செல்வியும் அசடு வழியச் சிரித்தாள்.

பிறகு அவளுக்கு ஆறாமல் போனது அந்தச் சிரிப்புத்தான். தானும் சேர்ந்து சிரித்தது.

வாசகசாலை ஹாலில் கூட்டம் போட்டார்கள். திட்ட ஆபீசிலிருந்து விஜய்குமார் என்று ஒரு அதிகாரி வந்திருந்தார். மெதுவாகப் பேசுகிறவர், மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். கரையில் இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டு, இன்னாருக்கு ஃபிளாட் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பெயர் கேட்டவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். அம்மிணியின் பெயர் வந்தது. கூடவே, "ரதீஷும் குடும்பவும், வேறெ யூனிட்" என்றார். அம்மிணி எழுந்து சட்டென்று உட்கார்ந்தாள். ரதீஷ் அவள் மகன், அவனுக்கும் தனியாக ஒரு ஃபிளாட். துபாய்க்குப் போய், கல்யாணம் முடித்து, பெண்டாட்டி பிள்ளையையும் அங்கேயே கூட்டிக்கொண்டவன்.

அடுத்தது பொன்செல்வி. சேலைத் தலைப்பைச் சரிசெய்து, எழுவதற்குத் தயாராக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அதிகாரி தாளை மடக்கினார். "கழிஞ்ஞு. நன்றி."

ஒரு ஹாலில் எழுந்து நின்று அவள் பேசியதே கிடையாது. மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால்கூடச் சுவரோரம்தான் நிற்பாள். அன்றைக்கு எழுந்தாள். "சாரே, கடைசி வீடு. பொன்செல்வி. என் பேரை விளிக்கல்ல."

அதிகாரி பக்கத்தில் இருந்த பிரபினைப் பார்த்தார். பிரபின் டேபைப் பார்த்தான். "அவிடெ ஆள் தாமசமில்ல சார். துணி கோடவுன்."

"யாரு சொன்னா?" என்றாள் பொன்செல்வி.

"நிங்ஙள் தன்னெ. ஞான் ரண்டு தவண சோதிச்சல்லோ சேச்சி. தாமசமில்ல, ஒட்டும் இல்ல, இல்லவே இல்ல எந்நு நிங்ஙள் தன்னெ பறஞ்ஞு."

பொன்செல்விக்கு அந்த உச்சிவேளை முழுதும் திரும்பி வந்தது. கடிகாரம், செருப்பு, முந்தானைக்குள் சிரிப்பு. "ஐயோ சாரே, நான் லேட்டா வரலைன்னுல்லா சொன்னேன்! தாமசமில்லன்னா, சுணங்காம வந்துட்டேன்னு!"

ஹால் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "தேப்புக்காரியெ நல்லா தேச்சல்லோ!" என்றான். காதலியைக் கைவிடுவதற்கும், நம்பினவரை ஏமாற்றுவதற்கும் இந்த ஊர்ப் பையன்கள் தேய்ப்பு என்றுதான் சொல்வார்கள். ஹால் இன்னும் பலமாகச் சிரித்தது. சுசீலாபாய் கூட உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏன் சிரிக்கிய?" பொன்செல்வியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பஸ் லேட்டானா நீங்களே பஸ் தாமசிச்சுன்னு சொல்லலையா? உங்க பாஷையிலயே ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். அதுல ஒண்ணை எடுத்து என் வீட்டை இல்லைன்னு எழுதுவியளா? கதவைத் திறங்கன்னு ஒரு வார்த்தை கேட்டானா இந்தப் பையன்? அடுப்பு இருக்கான்னு பார்த்தானா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்காக அவர் இரங்கவும் இல்லை. ரேஷன் கார்டு இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். அது பணகுடியில் இருந்தது. ஆதாரிலும் பணகுடி. கரண்டு பில்லில் செத்துப்போன நேசமணி. அதிகாரி தலையைச் சொறிந்தார். ஆளை மறுபடி அனுப்புகிறேன், சுவர் பங்கிடுகிற அடுத்த வீட்டுக்காரர் அவன் முன்னால் நின்று, இவர்கள் இங்கே குடியிருப்பது உண்மை என்று சொல்லட்டும், சொன்னால் மாற்றலாம், இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

பொன்செல்வி திரும்பி அம்மிணியைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு உடம்பு கொதித்தது. சாமி கடலுக்குப் போகிறது என்று ஆகாயத்தில் வருகிற விமானத்தையே நிறுத்தி வைக்கிற ஊர். ஒரு பொம்பளை மூச்சிரைக்கச் சொன்ன ஒரு வார்த்தையை நிறுத்தி, என்ன சொல்கிறாய் என்று கேட்க இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

பிச்சைக்கனி விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் முதுகைச் சொறிந்தான். "விடு, ஏளா. கோட்டைச் சுவரோட முட்டி என்ன ஆகப்போவுது? பணகுடிக்கே போயிருவோம்."

"பணகுடியில என்ன இருக்கு?"

"நம்ம ரூம் இருக்குல்லா."

"அந்த ரூம்ல உங்க அண்ணன் ஆட்டைக் கட்டியிருக்காவ. ஆட்டை அவுத்து விட்டுட்டு நாம போய்ப் படுப்போமா? கார்டை இங்க மாத்துங்க, மாத்துங்கன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கரும்பும் ஒரு வேட்டியும் தாராவன்னு அங்கயே வச்சீங்க. இப்ப அந்தக் கரும்பை ஊணி அதுமேல கூரை போடுங்க."

பிச்சைக்கனி வெளியே போய்விட்டான். அவள் மகளுக்குப் போன் செய்தாள். பிஜி முழுக்கக் கேட்டாள். "அம்மே, நீ எந்தினா அங்ஙனெ பறஞ்ஞே?" என்றாள். பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை. போனில் களுக்கென்று ஒரு சத்தம் வந்தது. பொன்செல்வி போனை அணைத்து மூட்டைகள் மேல் எறிந்தாள். இனி யார் சிரித்தாலும் சரி என்று அப்போது தோன்றியது. ஆனால் சுவருக்கு அந்தப்புறம் இருக்கிறவள் சிரித்ததை விட முடியாது. மற்றவர்களுக்கு விஷயம் ஹாலில்தான் தெரியும். அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

மறுநாள் காலையில் குழாயடியில் அம்மிணி குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பொன்செல்வி போய்த் தன் குடத்தை நங்கென்று வைத்தாள்.

"சேச்சி. அந்தப் பையன் கேட்டப்ப நீ கூட நின்னே."

"எடி செல்வி, ஞான் தமாசெந்நு விசாரிச்சு..."

"எது தமாசு? உனக்கு மலையாளம் தெரியாதா? அவன் கேட்டது புரிஞ்சுது, நான் சொன்னதும் புரிஞ்சுது, அவன் எழுதுனதையும் பார்த்தே. சாரே, அவ தப்பாச் சொல்லுதான்னு ஒரு வாய் வரலை உனக்கு. சிரிப்பு மட்டும் வந்துச்சு."

"எனிக்குச் சிரிப்பு வந்நா நிறுத்தான் பற்றில்ல, உனக்கு அறியாமோ?"

"சரி. அது அன்னைக்கு. அதுக்கப்புறம் இத்தனை நாள் சிரிச்சிட்டா இருந்தே? நேத்து ஹால்ல எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? அந்த ஆபீசர் உன்னைத்தான் கேட்கணும்னு சொல்லுதாரு, நீ கிளம்பிப் போறே!"

அம்மிணி குழாயைத் திறந்தாள், மூடினாள். குரலைத் தாழ்த்தினாள். "அவங்க திரும்பி வந்நா என் வீட்டையும் நோக்கும்டி."

"நோக்கட்டுமே, உனக்கென்ன..." என்று சொல்ல வந்தவள் நிறுத்தினாள். ரதீஷும் குடும்பவும், வேறெ யூனிட். பின்பக்கத்து அறையில் ஒரு பழைய கட்டிலைப் போட்டு, குழந்தையின் சட்டை இரண்டைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள் அம்மிணி. அந்தச் சட்டைகளைத் தேய்த்துக்கொடுத்ததே பொன்செல்விதான். விடுமுறைக்கு வருகிறார்கள் போல என்று நினைத்துத் தேய்த்துக் கொடுத்தாள்.

"அப்படியா விஷயம்!" பொன்செல்வி தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே தள்ளித் திறந்துவிட்டாள். "துபாய்ல இருக்கிறவன் இங்க தாமசம். அவன் பெண்டாட்டி தாமசம், இந்தத் தண்ணியை ஒரு வாய் குடிக்காத பிள்ளையும் தாமசம். சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்து உருளுத நான் கோடவுன்!"

"எடி, மெல்ல..."

"எதுக்கு மெல்ல? நான் மெல்லப் பேசிப் பேசித்தான் இந்த நிலைக்கு வந்தேன்."

"அவன் என்னெங்கிலும் ஒருநாள் திரும்பி வருமல்லோ செல்வி. அவனுக்கும் ஒரு வீடு வேண்டே?"

பொன்செல்வியின் குடம் நிரம்பி வழிந்தது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "உன் மகனைப் பத்தி நான் வாய் திறக்க மாட்டேன். என்னைப் பத்தி நீ வாய் திறக்கணும். அவ்வளவுதான். இல்லைன்னா இந்தக் குழாயடியில இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

அன்றிலிருந்து அம்மிணி, பொன்செல்வி வருவதற்கு முன்பே தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். கதவு சாத்தியே இருந்தது.

பொன்செல்வி வண்டிக்குப் போவதை நிறுத்தினாள். எப்போது வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வரும்போது கதவு பூட்டியிருக்கக் கூடாது. பிச்சைக்கனி தனியாக வண்டியில் நின்றான். அவள் வாசலில் பலகை போட்டு, பழைய பெட்டி ஒன்றை வைத்துத் தேய்த்தாள். முன்னறை மூட்டைகளைப் பின்னறைக்குத் தள்ளினாள். கட்டிலை இழுத்து வாசலுக்கு நேராகப் போட்டாள். அடுப்பை சன்னலுக்குக் கீழே கொண்டுவந்தாள். அரிசிப் பானை, சாமி படம், மகளின் பள்ளிக்கூடப் படம் எல்லாம் தெருவைப் பார்த்து உட்கார்ந்தன. தான் வாழ்கிற வீட்டில் வாழ்கிற மாதிரி காட்டவேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு சாமானை நகர்த்தும்போதும் பற்றி எரிந்தது. சுவருக்கு அந்தப்புறம் பொய்க்கு ஒரு கட்டில், இந்தப்புறம் உண்மைக்கு ஒரு கட்டில். இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

ஒருநாள் மழை விட்ட நேரத்தில் பிரபின் வந்தான். கூடப் பெயின்ட் டப்பாவோடு ஒரு ஆள். பிரபின் இந்தத் தடவை கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், சங்கடமாகத் தலையாட்டினான். "ஓகே சேச்சி. அயல்வீட்டுக்காரி ஒந்நு பறஞ்ஞா மதி."

அம்மிணியின் கதவைத் தட்டினான். பதில் இல்லை. மறுபடி தட்டினான். "ஆளில்லெந்நு தோந்நுந்நு" என்று திரும்பினான். டேபை மடக்கப் போனான்.

பொன்செல்விக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கரி இல்லாமல் ஆறிக்கிடந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். உள்ளே போய், நடுச்சுவரில் ஓங்கி ஒரு அடி. சாமி படம் ஆடியது. இன்னொரு அடி. காரை பெயர்ந்து அரிசிப் பானைமேல் விழுந்தது.

"எடி செல்வியே!" சுவருக்கு அந்தப்புறமிருந்து அலறல் வந்தது. "மதில் பொளியும்டி! நிறுத்தடி!"

பிரபின் புருவத்தைத் தூக்கினான். பொன்செல்வி நிறுத்தவில்லை. மூன்றாவது அடிக்கு அம்மிணி தலைமுடி அவிழ, கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். "பிராந்தாணோ இவளுக்கு?"

"இவர் இவிடெ ஸ்திரமாயிட்டு உண்டோ?" என்று கேட்டான் பிரபின்.

"இவளா?" அம்மிணிக்கும் கோபம் தலைக்கேறியிருந்தது. யார் கேட்கிறார்கள் என்பதே அவளுக்கு அப்போது பொருட்டில்லை. "உண்டோன்னா? சாரே, இவள் இருமினா என் கட்டில் ஆடும். வெளுக்கும் முன்னே குக்கர் விசில். அது கழிஞ்ஞா ஒரு தமிழ் சீரியல், அதில ஒருத்தி எப்பளும் அழுது கரைஞ்சுகொண்டே இருக்கும். கருவாடு வறுத்தா என் துணி முழுக்க அந்த மணம். புருஷனும் பெண்டாட்டியும் சண்டைன்னா அந்தாள் ஒண்ணும் மிண்டாது, இவள் ஒருத்தி தன்னெ விடிய விடிய. இவள் இல்லாமெ இருந்நெங்கில் ஞான் எத்தர சுகமா உறங்கியிருப்பேன்! இருபத்தஞ்சு வருஷமாயிட்டு எனக்கு உறக்கமில்ல சாரே!"

பெயின்ட் டப்பாக்காரன் சிரிப்பை அடக்க ஆற்றைப் பார்த்தான். பொன்செல்விக்குக் காது சுட்டது. இத்தனையும் கேட்டிருக்கிறாள் இவள். பிச்சைக்கனியிடம் அவள் சொன்னது, அழுதது, எல்லாவற்றையும்.

பிரபின் டேபில் தட்டினான். "சரியாயி."

"வாசி" என்றாள் பொன்செல்வி. "எழுதுனதை வாசி. வாய்விட்டு."

அவன் வாசித்தான். பொன்செல்வி, பிச்சைக்கனி, குடியிருப்பு வீடு. பெயரை ஒரு தடவை தப்பாக வாசித்தான், அவள் திருத்தினாள். அப்புறம் டப்பாக்காரன் வந்து, வாசலுக்குப் பக்கத்தில் சிவப்பில் நம்பர் போட்டான். பெயின்ட் வழிந்து ஒரு கோடு கீழே இறங்கியது. வரிசையில் எல்லா வீட்டுக்கும் உள்ள மாதிரி நம்பர். முதலில் இடிப்பது இந்தக் கோடியிலிருந்துதான் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். தன் வீட்டை இடிக்கலாம் என்று எழுதவைக்கத்தான் இத்தனை நாள் கூலியை விட்டுக் காத்துக்கிடந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஈர நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரபின் கிளம்பினவன் அம்மிணியின் வாசலில் நின்றான். "அம்மச்சி, மகன் ரதீஷும் குடும்பவும் எவிடெ? அந்நும் கண்டில்ல, இந்நும் கண்டில்ல."

அம்மிணியின் முகம் வெளுத்தது. அவிழ்ந்த முடியைக் கொண்டை போட ஆரம்பித்தாள், கை கூடவில்லை.

பிரபின் பொன்செல்வியிடம் திரும்பினான். இப்போது அவளும் சுவர் பங்கிடுகிற அடுத்த வீட்டுக்காரிதான். "சேச்சி பறை. அவர் இவிடெ உண்டோ?"

பொன்செல்வி அவனைப் பார்த்தாள். ஹாலில் எழுந்து நின்றபோது இவன் டேபைத்தான் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. இப்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டு, விரலை டேபின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு சொல் விழட்டும் என்று.

"எனக்கு மலையாளம் தெரியாது சார்" என்றாள், சுத்தத் தமிழில்.

"அய்யோ சேச்சி, இப்போ பறஞ்ஞல்லோ..."

"என்ன சொல்லுதீங்கன்னே புரியலை. தமிழ் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க. எழுதுறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க."

மழை மறுபடி தூறியது. அவன் டேபைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, "பின்னெ வராம்" என்று பாலத்தைப் பார்த்து நடந்தான். டப்பாக்காரன் பின்னால் ஓடினான்.

அம்மிணி வந்து சுவரோரம் நின்றாள். "செல்வியே... நீ என்னை ரட்சிச்சு."

"உன்னை ஒண்ணும் ரட்சிக்கலை. அவன் கையில இன்னொரு வார்த்தையைக் கொடுக்கப் பிடிக்கலை, அவ்வளவுதான். அவன் திரும்பி வருவான், நீயே பதில் சொல்லிக்கோ." பொன்செல்வி பெட்டியை எடுத்து அடியில் ஒட்டியிருந்த காரையைத் துடைத்தாள். "உன்மேல உள்ள கோவம் அப்படியேதான் இருக்கு."

"ஃபிளாட்டிலும் நமுக்கு அடுத்தடுத்துத் தன்னெ கிட்டும். மெம்பர் பறஞ்ஞு."

"கிடைக்கட்டும். சுவரை மட்டும் நல்ல கனமாக் கட்டச் சொல்லு."

அவள் சிரட்டைக்கரியை அள்ளிப் பெட்டியில் போட்டு ஊத ஆரம்பித்தாள். மாலை ஷிஃப்டுக்குப் போகிற பெண்ணின் பாவாடை ஒன்று காத்துக்கிடந்தது.